துணிக்கிளிப்பைப் படம் எடுப்பதில் என்ன நிறைவு இருக்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். வேலை முடிந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். கொடியில் தொங்கும் துணிக்கிளிப், கவிழ்த்து வைத்த டபரா, கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் துடைப்பம் என்று எடுக்கிறீர்கள். எடுக்கும்போது மனசு நிறைகிறது. காட்டினால் வீட்டில் சிரிக்கிறார்கள். நண்பர்கள் "ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போய் எடுக்கலாமே" என்கிறார்கள். இது வெட்டி வேலையா, நல்ல கேமரா வாங்கினால் உருப்படியாகுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியை எழுதியிருக்கும் விதத்தில் இன்னொரு சந்தேகமும் தெரிகிறது. இந்த நிறைவு நிஜமானதுதானா, இல்லை, வெளியே போகச் சோம்பல்பட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு சமாதானம் தேடிக்கொள்கிறேனா என்பது அது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பாத்திரக்கடைகளுக்கும் ஹார்டுவேர் கடைகளுக்கும் கேட்டலாக் படம் எடுப்பது பல வருடங்களாக என் பிழைப்பு. விருப்பப்பட்டு வருபவர்களுக்கு ஒளியமைப்பு சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்தது அந்த வழியில் வந்ததுதான்.

நிஜமானதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பார்ப்பவர்களுக்குப் பிடித்துவிடும், அந்தத் தருணமே படத்தைத் தூக்கிக்கொடுத்துவிடும். மயில் தோகை விரித்தால் பாதி வேலையை மயிலே செய்துவிடுகிறது. துணிக்கிளிப் எதையும் செய்து தராது. அதற்குச் சிரிக்கத் தெரியாது, அதைச் சுற்றி ஒரு விழாவும் இல்லை, பார்ப்பவருக்கு அதனுடன் பாசமும் இல்லை. அதனால் அந்தப் படத்தில் நன்றாக இருக்கும் ஒவ்வொன்றும், எங்கே நின்றோம், எந்தப் பக்கத்து வெளிச்சத்தை எடுத்தோம், படச்சட்டத்துக்குள் எதை வைத்தோம், எதை வெட்டினோம் என்பது எல்லாமே, உங்கள் பார்வையிலிருந்து மட்டுமே வந்தது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே பங்கு மிகக் குறைவு. படம் சரியாக அமைந்ததும் வருகிற திருப்தி அவ்வளவு அழுத்தமாக இருப்பதற்கு இதைத்தான் நான் காரணமாகச் சொல்வேன். பொருள் எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவுக்கு அந்தப் படம் உங்களுடையது.

இது புதுப் பழக்கமும் அல்ல, போட்டோகிராபி எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர், 1844-இல் எடுத்த மிகப் பிரபலமான படம் ஒரு திறந்த கதவும் அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த துடைப்பமும்தான். உங்கள் துடைப்பத்துக்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது. அன்றைக்குப் படம் பதியவே வெகுநேரம் ஆகும் என்பதால் அசையாத பொருட்களை எடுப்பது ஒரு வசதி. ஆனால் வசதி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அன்றாடக் காட்சிகளை வரைவதற்கு டச்சு ஓவியர்களின் முன்னுதாரணம் இருக்கிறதே என்று அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார். தெரிந்தேதான் துடைப்பத்தை எடுத்தார். அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றுவரை வகுப்புகளில் காட்டப்படுகிறது. புனலின் உள்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பியதால் மிளகாயின் ஒவ்வொரு மடிப்பும் உருண்டு திரண்டு தெரிந்தது. அதற்கு முன் அவர் எடுத்த குடைமிளகாய்ப் படங்கள் ஏராளம். அந்தப் படத்துக்கே முப்பதாம் எண் கொடுத்திருக்கிறார்.

ஆனால் உங்களுக்கு நான் அதிகம் சொல்ல விரும்புவது செக் நாட்டின் பிராக் நகரத்து யோசெஃப் ஸுடெக்கைப் பற்றி. புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் வலது கை போய்விட்டது. பைண்டிங் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் போட்டோகிராபிக்கு வந்தார். 1940-இல், பிராக் ஜெர்மனியின் பிடியில் இருந்த காலத்தில், தன் ஸ்டுடியோவின் ஜன்னலை எடுக்க ஆரம்பித்தார். ஒரு சின்ன முற்றத்தைப் பார்த்த ஜன்னல், வெளியே கோணல்மாணலாய் ஒரு மரம், ஜன்னல் கட்டையில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், சில சமயம் ஒரு முட்டை, ஒரு ரொட்டித் துண்டு, ஒரு பூ. அவ்வளவுதான் அவர் உலகம். அந்த ஜன்னலை 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். சில படங்களில் கண்ணாடியில் நீராவி படிந்து வெளியே மரம் கரைந்து நிற்கும், சிலவற்றில் பனி, சிலவற்றில் தண்ணீர் டம்ளரின் விளிம்பில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். போர் வந்தது, போனது, ஆட்சி மாறியது. ஜன்னல் அதேதான். வெளியே போகத் தைரியம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஒற்றைக் கையோடு கனமான பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு பிராக்கின் தெருக்களையும் ஊருக்கு வெளியே காடுகளையும் எடுத்தவர் அவர். வீட்டு ஜன்னலுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார். நீங்கள் செய்வது ஒளிந்துகொள்வதா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த ஜன்னல் படங்களைத் தேடிப் பாருங்கள்.

சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். வில்லியம் எகிள்ஸ்டன் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு குழந்தையின் மூன்றுசக்கர சைக்கிளைத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தார். அப்படிப்பட்ட வண்ணப் படங்களை 1976-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது, முக்கியமான விமர்சகர்களே வெறும் சலிப்பு என்று எழுதினார்கள். இன்று வண்ணப் போட்டோகிராபியின் வரலாற்றை அந்தக் கண்காட்சி இல்லாமல் எழுத முடியாது. உங்கள் படங்களும் அப்படி ஆகிவிடும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை, ஆகாமலும் இருக்கலாம். பார்த்தவர் சிரித்தார் என்பதை வைத்துப் படத்தின் தரத்தை முடிவுகட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பார்வை பார்வை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது என்ன என்று ஒரு பொருளை வைத்தே காட்டுகிறேன். உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றாவது இருக்கும். சீராக வந்ததோ, மொய்ப் பாத்திரமோ, புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருப்பார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. நேராக வெளிச்சம் விழுந்தால் எழுத்தே தெரியாது, பளபளப்பு மட்டும்தான். டம்ளரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் உலோகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு இடத்தில் புள்ளிகள் சட்டென்று எழுந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் குழி. அதன் ஒரு கரையில் வெளிச்சம், எதிர்க்கரையில் நிழல். இன்னும் கிட்டே போனால் வெட்டியவரின் கையே தெரிகிறது. நேர்க்கோடுகளில் புள்ளிகள் சீராகப் போகின்றன. 'ழ'வின் வளைவு வரும்போது இடைவெளி கூடுகிறது, ஒரு புள்ளி கோட்டை விட்டு வெளியே விழுந்திருக்கிறது. பெருவிரல் பிடிக்கும் இடத்தில் இரண்டு எழுத்து கிட்டத்தட்ட மழுங்கிவிட்டது. மேலெல்லாம் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்த கீறல்கள்.

அந்தக் கீறல்களில் ஒரு வேடிக்கை உண்டு. பளிச்சென்று ஒற்றை வெளிச்சம், ஒரு டார்ச் போதும், அதில் பார்த்தால் கீறல்கள் எல்லாம் வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை பின்னியதுபோலத் தெரியும். உண்மையில் அவை நாலா திசையிலும்தான் கிடக்கின்றன. ஆனால் விளக்கிலிருந்து வரும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் கிடக்கும் கீறல்கள் மட்டுமே மின்னும், மற்றவை இருட்டில் மறைந்துவிடும். அப்படி மின்னுபவை எல்லாம் அந்தப் புள்ளியைச் சுற்றியே வளைந்து அமையும். தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்தும், இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் உற்சாகம் குறையவில்லை. ஒரு டம்ளரில் இவ்வளவு இருக்கிறது. தினமும் அதில்தான் காப்பி குடிக்கிறோம், பார்ப்பதில்லை. படம் எடுக்க உட்காரும்போது பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

இதை ஆராய்ச்சி செய்தவர்களும் இருக்கிறார்கள். எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். கிறிஸ்டின் டீல், கால் ஸாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் என்ற மூவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸில் ஊர் சுற்றுவது, சாப்பிடுவது போன்ற அனுபவங்களின்போது படம் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். படம் எடுப்பது ஆளை அந்த அனுபவத்துக்குள் இழுத்துவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். லிண்டா ஹெங்கல் ஓர் அருங்காட்சியகத்தில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. பொருளை முழுசாக ஒரு கிளிக் செய்துவிட்டுப் போனவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருள் நினைவில் குறைவாகவே நின்றது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் ஏற்படவில்லை. என் வகுப்புக்கு வருபவர்களிடம் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது: அவசரமாகச் சுட்டுத்தள்ளினால் எதுவும் தங்காது, ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தங்கும். உங்கள் விஷயத்துக்குக் கிட்டே வருவது பராஷும் அந்த இருவரும் 2018-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. பிறரோடு சமூக ஊடகத்தில் பகிர வேண்டும் என்ற நினைப்போடு படம் எடுத்தவர்கள், தனக்காக எடுத்தவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள். மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற கவலை உள்ளே வந்துவிடுகிறது. எடுக்கும்போது நிறைவு, காட்டியதும் வாட்டம் என்று நீங்கள் எழுதியதும் இதை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் சுற்றுலா, அருங்காட்சியகம், பண்டிகை மாதிரியான அனுபவங்களில் செய்தவை. வீட்டு டபராவை வருடக்கணக்கில் எடுப்பவருக்கு இவை அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தப் பழக்கம் மன அழுத்தத்தைப் போக்கும் என்றும் சிலர் சொல்வார்கள். வேலை அலுப்பை இறக்கி வைக்க உதவுகிறது என்பது வரைக்கும் நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் மனசு தொடர்ந்து கனமாகவே இருந்தால், அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், கேமராவிடம் அல்ல.

அதனால் ஒன்று செய்யுங்கள்: எடுத்த அன்றே யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு மாதம் கிடக்கட்டும். அப்புறம் எடுத்துப் பார்த்து, உங்களுக்கே மறுபடி பார்க்கத் தோன்றுகிற படத்தை மட்டும் காட்டுங்கள். அதற்குள் யார் சிரித்தாலும் பாதிக்காத அளவுக்கு அந்தப் படத்தோடு பழகியிருப்பீர்கள்.

இனி கை வேலை. முதலில் டியூப் லைட்டை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் நிறம் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சையோ மஞ்சளோ. எந்த ஆப்பாலும் அதை முழுசாகச் சரி செய்ய முடியாது. ஒற்றை ஜன்னல் போதும். ஜன்னலுக்கு மிக அருகே பொருளை வைத்தால் ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் கும்மிருட்டு என்று வேறுபாடு கடுமையாக இருக்கும். அறைக்குள் தள்ளி வைத்தால் வெளிச்சம் மங்கும், ஆனால் சீராகும். துடைப்பம், முறம், தேங்காய் நார் மாதிரிச் சொரசொரப்பானவற்றுக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் உயிர். நேர் வெயில் அடித்தால் ஒரு பழைய மல் வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள். நான் விலை உயர்ந்த திரைகள் வாங்கிய பிறகும், அவசரத்துக்கு இன்னும் வேட்டிதான் கட்டுகிறேன்.

டபரா, சொம்பு மாதிரிப் பளபளப்பானவை தனி ரகம். அவற்றின் மேல் வெளிச்சத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை, அவற்றைச் சுற்றி இருப்பதுதான் அவற்றில் தெரியும். உங்கள் கலர் சட்டை, மின்விசிறி, காலண்டர் எல்லாம் டபராவுக்குள் இருக்கும். ஒரு பக்கம் வெள்ளை சார்ட் பேப்பர் நிறுத்துங்கள், உலோகம் பால் மாதிரி வெளுத்து வரும். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புத் துண்டை, சட்டத்துக்குள் வராமல், கிட்டே நிறுத்தினால் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு விழுந்து வடிவம் எடுத்துக்கொடுக்கும். கண்ணாடி டம்ளருக்கும் இதே கறுப்புக் கோடுதான் உயிர். கேட்டலாக் வேலையில் பாதி நாள் நாங்கள் செய்வது இந்த வெள்ளையையும் கறுப்பையும் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதுதான்.

போனில் எடுப்பதால் இரண்டு விஷயம். மிகக் கிட்டே போனால் பல போன்கள் தானாகவே அகலமான லென்ஸுக்கு மாறிவிடும். டபராவின் வாய் பெரிதாகவும் அடி சூம்பியும் போவது அதனால்தான். ஓர் அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், உருவம் உள்ளபடி நிற்கும். அடுத்து, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். போன்கள் நிழலை எல்லாம் வெளுக்கப் பார்க்கும், சாதாரணப் பொருளுக்கு நிழல்தான் கனம் கொடுக்கிறது.

பொருளை நகர்த்தலாமா, கிடந்தபடிதான் எடுக்க வேண்டுமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. இரண்டும் சரி என்பது என் கட்சி. வெஸ்டன் மிளகாயைப் புனலில் வைத்தார். ஆனால் ஒரே படத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். துடைப்பம் கதவோரம் கிடந்த விதம்தான் உங்களை இழுத்தது என்றால், அதைத் தொடாமல் நீங்கள் நகருங்கள். டம்ளரின் உருவம்தான் இழுத்தது என்றால் தைரியமாக எடுத்து ஜன்னலுக்குக் கொண்டு போங்கள். நான் கறாராக வேண்டாம் என்பது ஒன்றுதான்: பக்கத்தில் ரோஜா இதழ் தூவுவது, தண்ணீர் தெளிப்பது, எதற்கும் பழைய காலத்து மஞ்சள் சாயம் பூசுவது. பொருளை நம்பாதவர்கள் செய்கிற வேலை அது. அமெரிக்கப் போட்டோகிராபர் வாக்கர் எவான்ஸ் 1955-இல் ஃபார்ச்சூன் என்ற வணிக இதழுக்காக இடுக்கி, ஸ்பேனர், கொத்துக் கரண்டி, தகரம் வெட்டும் கத்தரி என்று ஹார்டுவேர் கடைச் சாமான்களை எடுத்தார். வெறும் பின்னணி, நடுவில் கருவி, வேறு எதுவும் இல்லை. அந்த இடுக்கியைப் பார்த்தால் அதன் தாடை ஏன் அப்படி ஒடுங்கியிருக்கிறது என்று யோசிக்கத் தோன்றும். நான் ஹார்டுவேர் கேட்டலாக் எடுக்கும்போது மனசில் வைத்துக்கொள்ளும் அளவுகோல் அதுதான்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுங்கள் என்றும் சொல்வேன். தினம் ஒரு புதுப் பொருள் என்று போனால் சீக்கிரமே வீட்டில் பொருள் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். எங்கள் வகுப்பில் பலர் நிறுத்திவிட்டுப் போவது அந்தக் கட்டத்தில்தான். ஒரே டபராவைக் காலையில், மத்தியானத்தில், மழை மூடிய நாளில், தை மாதத்தில், ஆனியில் என்று எடுத்தால் தீராது. நம் ஊரில் மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே தரை வரை நீளும். ஆனியில் அதே ஜன்னலில் நேர் வெயில் கிட்டத்தட்ட வரவே வராது. வடக்கு ஜன்னலுக்கு இது தலைகீழ். உங்கள் வீட்டு ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கேற்பத்தான் உங்கள் வருடம் அமையும்.

கடைசியாகக் கேமரா. இப்போது வாங்க வேண்டாம். போனால் முடியாத ஒன்று திரும்பத் திரும்ப இடிக்கிறது என்று உங்களாலேயே சொல்ல முடிகிற அன்று வாங்கலாம். உதாரணமாக, அந்தப் புள்ளி எழுத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சட்டம் நிறைய எடுக்க வேண்டும், போன் மங்கலாக்குகிறது என்றால், லென்ஸ் மாற்றக்கூடிய பழைய கேமரா ஒன்று, ஒரு 50 மி.மீ. லென்ஸ், கிட்டே போய் எடுக்கக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கினாலே போதும். மிகக் கிட்டே எடுப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. அதற்கு முன் அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, பிடித்த படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து நாலுக்கு ஆறு பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலில் பொருள், மாதம், மணி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் மேஜையில் பரப்பிப் பார்த்தால், எந்த வெளிச்சம் உங்களுடையது என்று தெரிய ஆரம்பிக்கும். டபராவின் விளிம்பில் கறுப்புக் கோடு விழவில்லை என்றால் படத்தோடு திரும்பக் கேளுங்கள், அந்தத் துண்டை எங்கே நிறுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.